மலையிறங்கினால் மறைந்துபோகிற சத்தம்

எங்கள் வீடு அருவங்காட்டில், நான் வேலை பார்க்கும் பள்ளி குன்னூரில். நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். கார் 2008 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல், ஓடியது 1,32,000 கிலோமீட்டர். பதினைந்து வருடம் முடிந்ததும் 2023ல் அலைந்து திரிந்து எஃப்.சி. எடுத்து, பசுமை வரியும் கட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்திருந்தேன். அவ்வளவு பாடுபட்ட பிறகு அதை விற்க மனசு வருமா? எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. அதன் மேல் குற்றம் எதுவும் இல்லை, இந்த வயதில் எந்தக் காருக்கும் வருவதுதான் இதற்கும் வந்தது.

2024 டிசம்பர் முதல் வாரம். காலை ஆறே முக்காலுக்கு ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்குள்ளிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சீராக, கூர்மையாக. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாகும். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம் உண்டு, அங்கே நன்றாகவே கேட்கும். பாதி தூரம் போவதற்குள் குறைந்து, பள்ளி வாசலில் நிறுத்தும்போது சுத்தமாகக் கேட்காது. மறுநாள் காலை மறுபடி. முதல் வாரம் குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். இங்கே டிசம்பரில் காலையில் எட்டு, ஒன்பது டிகிரி சாதாரணம், மனுஷங்களுக்கே மூட்டு சத்தம் போடும் நேரம். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிலிருந்து, "டீச்சர், வண்டி டீசலா?" என்று கேட்டார். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

என் வீட்டுக்காரர் சென்னையில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு தடவைதான் வருவார். அதனால் வண்டி விவகாரம் முழுக்க என் தலையில். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஒர்க்‌ஷாப் மேட்டுப்பாளையத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை பையனையும் ஏற்றிக்கொண்டு பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். அங்கே போய் நின்றால் இன்ஜின் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. நான் வாயாலேயே டிக் டிக் என்று செய்து காட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் செய்தேன். அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே, "அது டேப்பெட் சத்தம் மேடம். பழைய வண்டில்ல, ஆயில் கெட்டியா ஊத்தினா சரியாயிடும்" என்றார். 20டபிள்யூ-50 ஆயில், புது ஃபில்டர், கூடவே ஒரு டப்பா ஆயில் மருந்து. 3,430 ரூபாய்.

இந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் பக்கம் ஓடி, இன்ஜின் நன்றாகச் சுட்ட பிறகு கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குளிரில் மட்டும் வருகிற சத்தத்துக்குக் காரணம் கேட்டால் யாராக இருந்தாலும் ஊகம்தான் சொல்ல முடியும். காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போய் நின்ற கதை. அவர் கேட்காத சத்தத்துக்கு மருந்து எழுதினார், நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த இரண்டு மாதமும் இதே தப்பைத்தான் வேறு வேறு இடங்களில் செய்தேன்.

ஆயில் மாற்றிய பிறகு நிலைமை மோசமானது. முன்பு டிக் டிக் மட்டும்தான். இப்போது ஸ்டார்ட் செய்ததும் முதல் பத்து, பதினைந்து நொடிக்கு சடசடவென்று இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. அது அடங்கியதும் பழைய டிக் டிக் தனியாகக் கேட்கும். எனக்கோ இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. 'சத்தம் அதிகமாகிவிட்டது' என்று மட்டும் மனதில் பதிந்தது. பின்னால் விளங்கியது இது: என் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பெட். ஒவ்வொரு வால்வுக்கும் ஆயில் நிரம்பி நிற்கிற ஒரு சின்ன உருளை இருக்கும், அதுவே இடைவெளியைச் சரி செய்துகொள்ளும். ராத்திரி முழுக்க நிற்கும்போது ஆயில் கொஞ்சம் கீழே வடிந்துவிடும், காலையில் மறுபடி நிரம்ப வேண்டும். 10டபிள்யூ-30 ஊற்றச் சொன்ன இன்ஜினில், ஒன்பது டிகிரி குளிரில் 20டபிள்யூ-50 ஊற்றினால் அது தேன் மாதிரி நகரும், மேலே ஏற நேரமாகும். கோயமுத்தூர் வெயிலில் ஓடுகிற, இன்ஜின் தேய்ந்த வண்டிக்கு அந்தக் கெட்டி ஆயில் பொருந்தலாம். மலைக்கு அது வேறு கணக்கு. ஆயில் எந்த கிரேடு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் வெப்பநிலை வாரியாகப் படமே போட்டிருக்கிறார்கள். பதினாறு வருடமாக அந்தப் புத்தகம் டேஷ்போர்டுக்குள் பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஜனவரியில் பொங்கல் லீவுக்குக் கோவைக்குப் போனபோது இன்னொரு ஒர்க்‌ஷாப். ஏசி போட்ட காத்திருப்பு அறை, காபி எல்லாம் உண்டு. வண்டி அங்கேயும் சூடாகத்தான் போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். போனில் எல்லாச் சத்தமும் ஒரே டப்பா சத்தமாகத்தான் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் நொடிகளின் சடசடவைக் கேட்டதுமே, "டேப்பெட் போயிருச்சு மேடம், பதினாறையும் மாத்திடுங்க" என்றார்கள். என்னோடு வந்த சித்தப்பா மட்டும், "டேப்பெட் செட்டிங் பண்ணிப் பார்க்கலாமே" என்றார். "இதுல செட்டிங் கிடையாதுங்க சார்" என்று சொன்னது சரிதான், ஹைட்ராலிக்கில் திருகி வைக்க ஒன்றும் இல்லை. நான் கேட்டதற்கும் பதில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் வந்தது என்பது தனி வருத்தம். டேப்பெட் ஒன்று 900 ரூபாய் வீதம் பதினாறு, வால்வு கவர் கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 21,700. வண்டி நாலு நாள் அங்கேயே நின்றது. லீவு முடிந்து பஸ்ஸில் மலையேறினேன், இரண்டு நாள் கழித்துப் போய் எடுத்து வந்தேன்.

உங்கள் வண்டியில் திருகு வைத்த டேப்பெட்டா, ஹைட்ராலிக்கா என்று முதலில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திருகு என்றால் வால்வு கவரைக் கழற்றி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு இடைவெளியை அளந்து இறுக்கலாம். அரை நாள் வேலை, செலவு குறைவு. ஹைட்ராலிக் என்றால் முதல் வைத்தியம் சரியான கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும்தான். ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும், மட்டமான ஃபில்டரில் அது சரியாக வேலை செய்யாது. இரண்டு மூன்று வாரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் டேப்பெட்டில் கை வைக்க வேண்டும். என்னிடம் அவர்கள் டேப்பெட்டை மாற்றியபோதே 10டபிள்யூ-30 ஆயிலையும் ஊற்றினார்கள். சடசட சத்தம் நின்றது எதனால், டேப்பெட்டினாலா ஆயிலினாலா? என் சந்தேகம் ஆயில்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஆம், சடசட நின்றது. அன்று காலை கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அப்பாடா என்று. வண்டியை ரிவர்ஸ் எடுத்து அந்த ஏற்றத்தில் ஏறும்போது டிக் டிக் டிக். அப்படியே இருக்கிறது. இருபத்தையாயிரத்துக்கும் மேல் செலவழித்த பிறகும் அதே சத்தம். பையன் பின் சீட்டிலிருந்து, "அம்மா, போகல" என்றான். அன்று வகுப்பில் யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்தேன்.

கோவைக்கே போன் செய்தேன். "அப்படின்னா பிஸ்டன் தட்டுது மேடம், இன்ஜின் இறக்கணும். அறுபத்தஞ்சு ஆகும்" என்றார்கள். அறுபத்தைந்து என்றால் ஆயிரம். அந்த வண்டியை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன், தூக்கம் போனதுதான் மிச்சம். மேட்டுப்பாளையத்திலும் கேட்டேன், அவரும் இன்ஜின் வேலை என்றே சொன்னார். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இறக்குவதற்கு முன்னால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை) எடுத்துக் காட்டுங்கள் என்று அங்கே அடம் பிடித்ததுதான். 800 ரூபாய் கேட்டார்கள், முகத்தையும் சுளித்தார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மீட்டரை வைத்து இன்ஜினைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஒரு மணி நேர வேலை. நாலு சிலிண்டரும் 165லிருந்து 172 பி.எஸ்.ஐ.க்குள் காட்டின. அவ்வளவு சமமாக நிற்கிறது என்றால் ரிங்கும் வால்வும் நன்றாகத்தான் இருக்கின்றன. பிஸ்டன் தட்டுவதை இந்த டெஸ்ட் மட்டுமே இல்லை என்று சொல்லிவிடாது, உண்மைதான். ஆனால் பிஸ்டன் தட்டினால் சத்தம் மரக்கட்டையில் தட்டுவது போல மந்தமாக, கீழிருந்து வரும் என்று படித்திருந்தேன். எனக்குக் கேட்டதோ கூர்மையானது. பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். டீச்சர் புத்தி, கொஞ்சம் தாமதமாக வேலை செய்தது. தேதி, நேரம், வெளியே எத்தனை டிகிரி, ஸ்டார்ட் செய்ததிலிருந்து சத்தம் நிற்க எவ்வளவு நேரம், நின்றபடியா, ஏற்றமா, இறக்கமா. பத்து நாளில் ஒரு படம் கிடைத்தது. காலையில் ஒன்பது டிகிரியில் ஐந்து நிமிடம், மத்தியானம் பதினெட்டு டிகிரியில் மூணரை நிமிடம், பள்ளி விட்டு ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி எடுத்தால் சத்தமே இல்லை. நின்றபடி லேசாக, ஏற்றத்தில் பலமாக, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கிட்டத்தட்ட நின்றேவிடும். பெட்ரோலும் பதினாலு கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியிருந்தது. இதெல்லாம் நோட்டில் இருந்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரிகிறவர் கையில் அது போய்ச் சேர்ந்தது.

குன்னூரிலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். தகரக் கொட்டகை, போர்டு கிடையாது. எஸ்டேட் ஜீப்புகளும் தேயிலை ஏற்றுகிற பிக்கப்களும்தான் அவர் வாசலில் நிற்கும். கார் பார்ப்பாரோ மாட்டாரோ என்ற தயக்கத்தில் இத்தனை நாள் போகவில்லை. எங்கள் பள்ளி வேன் டிரைவர் சொல்லித்தான் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் படித்தார். "டீச்சர், வண்டியை சாயங்காலம் இங்க விட்டுட்டுப் போங்க. காலைல ஆறரைக்கு வாங்க. அது வரைக்கும் நான் தொட மாட்டேன். நீங்க வந்துதான் சாவி போடணும்" என்றார். பிப்ரவரி மாதம், இரண்டரை மாதம் கழித்து, முதல் தடவையாக ஒரு மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கப் போகிறார்.

மறுநாள் காலை ஸ்வெட்டரும் மப்ளருமாக நாங்கள் இருவரும் நின்றோம். ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார், மறு முனையை இன்ஜினைச் சுற்றிக் கொண்டுபோனார். வால்வு கவர் பக்கம் வைத்துத் தலையாட்டினார், அங்கே இல்லை. பின்பக்கம், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்புகிற மேனிபோல்டு பக்கம் கொண்டுபோனதும் சட்டென்று ஹோஸைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் கேட்டேன். டிக் அல்ல அது, கிட்டத்தில் கேட்டால் ப்ஸ் ப்ஸ் ப்ஸ் என்று காற்று பீய்ச்சுகிறது. அடுத்து, சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் மூன்றிலும் இன்ஜின் தடுமாறியது, சத்தம் போகவில்லை. நாலாவதைக் கழற்றியதும் வெட்டியது போல நின்றது. "டேப்பெட்டா இருந்தா பெட்ரோல் நின்னாலும் தட்டிட்டே இருக்கும். இது நெருப்பு இல்லன்னா சத்தமும் இல்ல" என்றார். நாலாவது சிலிண்டரின் புகை, மேனிபோல்டு இணைப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பீறிடுகிற சத்தம்தான் அது. எனக்குப் புல்லரித்தது. இதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகவில்லை. (சாக்கெட் கழற்றியதால் செக் இன்ஜின் விளக்கு எரியும். பயப்பட வேண்டாம், ஸ்கேனர் வைத்து அழித்துவிடலாம்.)

டேப்பெட் என்று எல்லோரும் ஏமாந்ததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. குளிரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரு சிலிண்டரின் வால்வு அதில் பாதி, 600 தடவை திறக்கும். அந்த ஒரு சிலிண்டரிலிருந்து புகை வெளியே பாய்வதும் அதே 600 தடவைதான். தாளம் ஒன்றேதான், அதனால் தாளத்தை மட்டும் கேட்டுப் பிரிக்க முடியாது. சுமை ஏறும்போது கூடுகிறதா என்பதுதான் பிரித்துக் காட்டும். ஏற்றத்தில் அதிகப் பெட்ரோல் எரிந்து புகை அழுத்தமாக வரும், ஓட்டை பலமாகக் கத்தும். டேப்பெட்டுக்கு ஏற்றம் இறக்கத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. இன்ஜின் சுட்டதும் சத்தம் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். வார்ப்பு இரும்பு மேனிபோல்டு சூட்டில் விரிந்து அந்த இடுக்கைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடக் கணக்கு அதனால்தான்.

இன்ஜினை நிறுத்தி, நாலு போல்ட்டைக் கழற்றி, மேனிபோல்டு மேலிருந்த தகட்டை எடுத்தார். நாலாவது சிலிண்டர் வாயில் விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருந்தது. மேனிபோல்டை இன்ஜினோடு பிடித்து வைக்கிற ஸ்டட்களில் கடைசியின் வெளிமுனை உடைந்து போயிருந்தது, மிச்சம் கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு இடத்தில் பார்த்தும் அந்தத் தகட்டை யாரும் கழற்றவில்லை.

அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "காலைல ஹீட்டர் போடுவீங்களா, டீச்சர்?" போடுவேன். கண்ணாடி ஏற்றிவிட்டு, ஹீட்டர் போட்டு, பின் சீட்டில் பையன். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற வாய் கண்ணாடிக்குக் கீழே, அந்த ஓட்டைக்கு நேர் மேலே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. டிசம்பரிலிருந்து பல நாள் காலையில் எனக்குத் தலைவலி இருந்தது, குளிர் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அது இதனால்தான் என்று இப்போது நிரூபிக்க வழியில்லை. ஆனால் பணம் போனதை நினைத்து நான் அழவில்லை, அன்று இதை நினைத்து அழுதேன். உங்கள் வண்டியில் இப்படிச் சத்தம் வந்து, உள்ளே லேசாகப் புகை வாடையோ காரணமில்லாத தலைவலியோ இருந்தால், காரணம் தெரியும் வரை கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள், ஹீட்டரை நிறுத்துங்கள். மூடிய போர்ட்டிகோவில் இன்ஜினை ஓடவிட்டு நின்று கேட்டுக்கொண்டும் இருக்காதீர்கள்.

உடைந்த ஸ்டட்டை எடுக்க ஒரு முழு நாள் ஆனது. துரு எண்ணெய் விட்டு ஊறவைத்து, அதன் முனையில் ஒரு நட்டை வெல்டு பண்ணி, சூட்டோடு திருகி எடுத்தார். உள்ளேயே முறிந்திருந்தால் ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும் என்றார். அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. மேனிபோல்டின் முகம் வளைந்திருந்தது, இரும்பு ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜ் விட்டு எனக்குக் காட்டினார். லேத்துக்கு அனுப்பி, முகத்தைச் சமமாக்கி (ஃபேசிங்) வந்தது. இதைச் செய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி ஊதும். கேஸ்கெட் 750, ஸ்டட் நட்டு செட் 480, ஃபேசிங் 900, கூலி 2,500. மொத்தம் 4,630. நான் அதற்கு முன் வீணாக்கியது 25,130, மூன்று நாள் லீவு, இரண்டரை மாதத் தூக்கம். கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்குக் கொடுத்த 800ஐ அதில் சேர்க்கவில்லை, அது என்னை அறுபத்தைந்தாயிரத்திலிருந்து காப்பாற்றியது.

வீட்டில் நீங்களே பார்ப்பதாக இருந்தால் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் செய்து ஓரிரு நொடியில் கர்ர் என்று வந்து நின்றுவிட்டால் டைமிங் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் அடங்குகிற சடசட, ஹைட்ராலிக் டேப்பெட்டும் ஆயிலும். இன்ஜின் சுட்ட பிறகும் மாறாமல் லேசாக டிக் டிக் என்றால் பெரும்பாலும் இன்ஜெக்டர், அது அதன் சுபாவம். சுடச் சுடக் கூடுகிற தட்டல், அல்லது ஆயில் விளக்கு எரிவது, இவை வேறு ரகம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு டோ செய்யுங்கள், பேரிங் போய்விடும். சோப்புத் தண்ணீர் சோதனையும் எளிது: குளிர்ந்த வண்டியின் சைலன்சர் வாயில் ஒரு புளோயரால் காற்று ஊதி, மேனிபோல்டு இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும். இன்ஜின் ஓடும்போது குனிகிறவர்கள் துப்பட்டா, முந்தானை, பின்னல் எல்லாவற்றையும் முதலில் கட்டிக்கொள்ளுங்கள். பெல்ட் யாரையும் பார்க்காது.

மைலேஜ் இப்போது பதினாலுக்குத் திரும்பிவிட்டது. ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றி, அது பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு மாதம் கழித்து, வண்டி முழுக்க ஆறிய பிறகு, நட்டுகளை ஒரு தடவை இறுக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தார். மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் வண்டியை அவர் கொட்டகையில் விட்டுவிட்டு, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அருவங்காட்டு பஸ்ஸுக்கு நின்றேன்.